ரத்தத்தில் தேடும் முன்பு

கேள்வி: பி.டி.எஸ்.டி. (பெரும் அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனநோய்) உள்ளவர்களுக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் வருவது உறுதி என்று அமெரிக்கப் படைவீரர்களிடம் நடந்த ஆய்வில் தெரிந்ததாகப் படித்தேன். என் அப்பாவுக்கு 66 வயது. சுனாமியில் தம்பியைப் பறிகொடுத்தவர். அன்றோடு கடலில் இறங்குவதை விட்டுவிட்டார். இன்றும் இரவில் அலறி எழுகிறார். இரண்டு வருடமாகப் பெயர்கள் மறக்கின்றன. டிமென்ஷியாவின் முக்கிய வகையான அல்சைமரை ரத்தத்திலேயே கண்டுபிடிக்கும் டெஸ்ட் வந்துவிட்டதாமே, எடுத்துவிடலாமா?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: இப்போது வேண்டாம், அம்மா. முதலில் அந்த 'உறுதி'யை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நீங்கள் படித்தது 2010இல் வெளிவந்த ஆய்வாக இருக்கும். 55 வயதுக்கு மேற்பட்ட 1,81,093 முன்னாள் படைவீரர்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தார்கள். ஏழு ஆண்டுகளில் டிமென்ஷியா வந்தவர்கள் பி.டி.எஸ்.டி. உள்ளவர்களில் 10.6 சதவீதம், இல்லாதவர்களில் 6.6 சதவீதம். ஆபத்து கூடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த ஏழு ஆண்டுகளில் வரவில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

அந்த ஆபத்தின் தடயத்தை உடம்பில் எங்கே பார்ப்பது என்று முப்பது ஆண்டுகளாகத் தேடுகிறார்கள். நினைவுக்கு ஆதாரமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ், வியட்நாம் போரிலிருந்து திரும்பிப் பி.டி.எஸ்.டி.யால் அவதிப்பட்டவர்களிடம் சிறுத்திருப்பதை 1995இல் கண்டார்கள். அதிர்ச்சிதான் மூளையைச் சுருக்கியது என்று பலரும் நம்பினார்கள். 2002இல் இரட்டையர்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. அண்ணன் போருக்குப் போய் பி.டி.எஸ்.டி.யோடு திரும்பினான், தம்பி ஊரிலேயே இருந்தான். போரையே பார்க்காத அந்தத் தம்பிக்கும் ஹிப்போகாம்பஸ் சிறியதாகவே இருந்தது! அப்படியானால் அது அதிர்ச்சி விட்டுப்போன வடுவா, பிறவியிலேயே இருந்த பலவீனமா? கார்டிசாலும் இப்படித்தான் குழப்பியது. மன அழுத்தத்தில் கூட வேண்டிய அந்த ஹார்மோன் பி.டி.எஸ்.டி. உள்ள பலரிடம் குறைவாகவே இருந்தது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. உயர்கிறது என்றால், அது சிகரெட்டிலும் உடல் பருமனிலும்கூட உயரும்.

உங்கள் கேள்விக்கு நெருக்கமானது இன்னொன்று. அல்சைமரின் அடையாளம் மூளையில் படியும் அமிலாய்டு, டௌ என்ற புரதங்கள். வயதான வியட்நாம் போர் வீரர்களை, இந்தப் புரதங்களைப் படமெடுத்துக் காட்டும் பெட் ஸ்கேனில் வைத்துப் பார்த்தபோது, பி.டி.எஸ்.டி. உள்ளவர்களிடம் நினைவும் கவனமும் குறைந்திருந்தன. அமிலாய்டோ டௌவோ மற்றவர்களைவிட அதிகமில்லை. அதாவது மறதி வேறு வழியாகவும் வரலாம். அமெரிக்காவில் 2025 மே மாதம் அனுமதி பெற்ற ரத்தப் பரிசோதனை தேடுவது இந்தப் புரதங்களின் சுவட்டைத்தான். அதையும் மறதி உள்ள 55 வயதுக்காரர்களுக்கும் மூத்தவர்களுக்கும் நிபுணர் மற்ற சோதனைகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றுதான் அனுமதித்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவின் இரவுகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இனி நான் உங்களைக் கேட்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக அலறி எழும் மனிதரை ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. புதிய டெஸ்ட் எங்கே கிடைக்கும் என்று தேடும் அக்கறை, அந்த அலறலுக்கு மருத்துவம் தேடுவதில் ஏன் இல்லாமல் போனது? உங்களை மட்டும் சொல்லவில்லை. கடற்கரைக் கிராமங்களில் 'சுனாமியில பயந்தவரு' என்று சொல்லி எத்தனை பேரை அப்படியே விட்டுவிட்டோம்! அது ஒரு நோய், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. அந்த நினைவைப் பயிற்சி பெற்றவர் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைக்கும் பேச்சு சிகிச்சை உண்டு, செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளும் உண்டு. டிமென்ஷியா வராமல் தடுக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இத்தனை வருடம் சரியாகத் தூங்காதவருக்குப் பெயர் மறப்பதில் என்ன ஆச்சரியம்?

மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே அழைத்துப் போங்கள். தயங்கினால் முதலில் 14416க்குப் போன் செய்து பேசுங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் அது, இலவசம். தைராய்டு, பி12, சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். குறட்டை விட்டு மூச்சுத் திணறுகிறாரா, காது சரியாகக் கேட்கிறதா, மனச்சோர்வு இருக்கிறதா, குடிக்கிறாரா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சில தூக்க மாத்திரைகளே மறதியைத் தரும். அதனால் அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.