செருப்பு கழன்றதே தெரியவில்லையா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. 14 வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ஒரு கால் செருப்பு தெருவிலேயே கழன்று கிடக்க, அது தெரியாமல் வீட்டுக்குள் வந்துவிடுகிறார். வலது பெருவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் ஆணி மாதிரி தடித்திருக்கிறது. வலி இல்லை என்கிறார். கடையில் விற்கும் ஆணி பிளாஸ்டர் ஒட்டலாமா? வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆணி பிளாஸ்டரில் இருப்பது சாலிசிலிக் அமிலம். காய்ப்பு எது, நல்ல தோல் எது என்று அதற்குத் தெரியாது. மற்றவர்களுக்கு எரிந்தால் பிய்த்துப் போட்டுவிடுவார்கள், அப்பாவுக்கு எரியாது. பிரித்துப் பார்க்கும்போது அடியில் புண் இருக்கும். வெந்நீரும் அதே கதைதான். கால் வெந்து கொப்புளம் கிளம்பிய பிறகுதான் சூடு அதிகம் என்று தெரியவரும். பச்சைத் தண்ணீரில்கூட அதிக நேரம் ஊறவைக்க வேண்டாம். தோல் ஊறி, பிறகு இன்னும் வறண்டு வெடிக்கும்.

ஆணியைவிட எனக்குக் கவலை தருவது அந்தச் செருப்புதான். செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் முள் குத்தினாலும் தெரியாது. பல வருடச் சர்க்கரையால் கால் நரம்பு கெடும்போது உணர்வு மட்டும் போவதில்லை. பாதத்தின் சிறு தசைகள் மெலிந்து விரல்கள் மடங்கும். விரல்களின் அடியில் உள்ள எலும்பு முனைகள் தரையில் அழுந்தும். வியர்வையும் நின்றுபோவதால் தோல் காய்ந்து, அழுந்தும் இடத்தில் தடிக்கும். அந்தத் தடிப்பே செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல் மாதிரி ஒவ்வொரு அடிக்கும் உள்ளே குத்தும். வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். காய்ப்புக்குள் கறுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ புள்ளி தெரிந்தால் அடியில் இரத்தம் கசிந்திருக்கிறது. புண் உருவாகத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.

உணர்வு எவ்வளவு போயிருக்கிறது என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். அப்பாவைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றின் நுனியையும் உங்கள் ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு நொடி மெல்லத் தொடுங்கள். அழுத்தாதீர்கள், தட்டாதீர்கள், ஒரு விரலை இரண்டாம் முறை தொடாதீர்கள். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் கால் ஆபத்தில் இருக்கிறது. மருத்துவமனையில் இதையே 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் சோதிப்பார்கள். கூடவே கணுக்கால், கை இரத்த அழுத்தங்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த விகிதம் 0.9-க்குக் கீழே இருந்தால் காலுக்கு இரத்த ஓட்டம் குறைவு. புண் வந்தால் எளிதில் ஆறாது. மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம், அதுவும் கால் மரத்துப்போகச் செய்யும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் என்றால் அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

காய்ப்பைப் பாத சிகிச்சை தெரிந்தவர் கத்தியால் சீவி எடுப்பார். வீட்டில் பிளேடு வேண்டாம். சீவியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால், அதே செருப்பில் நடக்கும்வரை சில வாரங்களில் திரும்ப வளரும்.

எனவே செருப்பு. கட்டைவிரல் இடுக்கில் வார் போகும் ஹவாய் செருப்பு இந்தக் காலுக்கு ஆகாது. விரல் இடுக்கில் உராயும், கழன்றால் தெரியாது. அவருக்கு வேண்டியது எம்.சி.ஆர். செருப்பு: உள்ளே நுண்துளை ரப்பர் மெத்தை, அடியில் இரும்பு ஆணி ஏறாத கெட்டியான அடித்தட்டு, முன்னால் ஒட்டிப் பிரிக்கும் அகல வார், குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். தொழுநோயால் மரத்துப்போன கால்களைக் காக்கத்தான் இந்த ரப்பர் செருப்பு முதலில் நம் ஊரில் பரவியது. வேலூர்ப் பகுதி மருத்துவமனைகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. நோய் வேறு, மரத்த கால் ஒன்றே. மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது இடம் இருக்க வேண்டும். முதல் நாள் அரை மணி நேரம் போட்டு நடந்ததும் கழற்றி, எங்காவது சிவந்திருக்கிறதா பாருங்கள். மெத்தை அமுங்கித் தட்டையானால் செருப்பு புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். இதற்குத்தான் பெரியவர்கள் ஒப்ப மாட்டார்கள். வீட்டுக்கென்று தனி ஜோடி வாங்கிக் கொடுத்தால் போடுவார்கள்.

தினமும் இரவு உள்ளங்காலை நீங்கள் பாருங்கள், அல்லது அவரே கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும். விரல் இடுக்கை ஈரம் போகத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சேற்றுப்புண் வரும். குதிகாலுக்கு யூரியா கலந்த கிரீமோ தேங்காய் எண்ணெயோ தடவலாம், இடுக்கில் மட்டும் கூடாது. செருப்புக்குள் கைவிட்டுத் துழாவிவிட்டுப் போடச் சொல்லுங்கள். கோயிலுக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விடட்டும். நண்பகல் பிரகாரக் கல்லில் காலுறையை மட்டும் நம்பக் கூடாது.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, நாற்றம், காய்ச்சல், கறுப்பு நிறம் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இன்னொன்றும் உண்டு, பலர் கோட்டை விடுவது. புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து, புறங்கையால் தொட்டால் மற்றக் காலைவிடச் சுடும். வலி பெரிதாக இருக்காது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவுவார்கள். அது சார்கோ பாதமாக இருக்கலாம். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்க, மேலே நடந்துகொண்டிருப்பார். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். அப்படி ஒரு வீக்கம் வந்தால் அந்தக் காலை ஊன்ற விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மாவுக்கட்டு போட்டு, சூடு தணியும்வரை மாதக்கணக்கில் ஓய்வு கொடுப்பார்கள்.