எந்தக் கருவி, எந்த நாள்? கோள்களின் படங்கள் பற்றிய கேள்வி-பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, கைபேசியில் வரும் கோள்களின் படங்களில் எது உண்மை, எது செயற்கை நுண்ணறிவு (ஏஐ) வரைந்தது என்பதைப் பற்றியவை. அவற்றுள் நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பாம்பனிலிருந்து ஒரு மீனவர்: ஐயா, விடியலுக்கு முன் வலை வாங்கும்போது விடிவெள்ளியைப் பார்க்கிறோம். அதன் தரை நெருப்பு நிறத்தில் இருப்பதாக ஒரு படமும், நீலக் கடலோடு இருப்பதாக இன்னொரு படமும் மகனின் போனில் வந்தன. எது நிஜம்?

நீலக் கடல் உள்ள படம் முழுக்கக் கற்பனை. வெள்ளியின் தரையில் வெப்பம் சுமார் 460 டிகிரி செல்சியஸ் இருப்பதால் அங்கே தண்ணீர் நிற்க வழியே இல்லை. நெருப்பு நிறப் படம் மெகல்லன் விண்கலம் 1990க்கும் 1994க்கும் இடையில் எடுத்ததாக இருக்கலாம். அப்படியானால் அது உண்மையானது, ஆனால் புகைப்படம் அன்று. வெள்ளியை அடர்ந்த மேகம் எப்போதும் மூடியிருப்பதால், மெகல்லன் ரேடியோ அலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பியதைக் கொண்டு படம் அமைத்தது. விசைப்படகில் உள்ள எக்கோ சவுண்டர் ஒலியை அனுப்பிக் கடலடியைத் திரையில் காட்டுவதில்லையா, அதே முறைதான். திரையில் தெரியும் நிறம் கடலடியின் நிறம் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் மேடும் பள்ளமும் பொய்யல்ல. மெகல்லன் படத்தின் ஆரஞ்சு நிறம், 1982இல் தரையிறங்கிய சோவியத் வெனீரா கலங்கள் அனுப்பிய வண்ணப் படங்களை ஒட்டிப் பின்னர் ஏற்றப்பட்டது. அந்த வெனீரா படங்கள் வெள்ளித் தரையின் உண்மையான புகைப்படங்கள். தட்டைப் பாறைகளும், கலத்தின் விளிம்பும், கழன்று விழுந்த கேமரா மூடியும்தான் அவற்றில் தெரியும். வெனீரா 13 அந்த வெப்பத்தில் 127 நிமிடங்கள் தாங்கி நின்று அனுப்பிய படங்கள் அவை என்று அறிந்த பிறகு, எனக்கு வேறு எந்த அலங்காரப் படமும் பெரிதாகத் தோன்றியதில்லை.

ராமேசுவரத்திலிருந்து ஸ்டுடியோ நடத்தும் ஒருவர்: விஞ்ஞானிகளும் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் ஏற்றுகிறார்கள். கல்யாண ஆல்பத்தில் நாங்கள் செய்வதும் அதுதான். பிறகு ஏஐ படத்தை மட்டும் ஏன் பொய் என்கிறீர்கள்?

இந்த மாதத்தின் மிக நல்ல கேள்வி இது. விண்கலக் கேமராக்களில் பல, வந்து விழும் ஒளியின் அளவை மட்டுமே பதிவு செய்கின்றன. சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு வடிகட்டியாக மாற்றி ஒரே காட்சியை மும்முறை எடுத்து, பூமியில் அவற்றை ஒன்றுசேர்க்கிறார்கள். 2016 முதல் வியாழனைச் சுற்றிவரும் ஜூனோ விண்கலம், நிமிடத்துக்கு ஏறத்தாழ இருமுறை தன்னைத்தானே சுழன்றுகொண்டே பட்டை பட்டையாகப் படமெடுக்கிறது. அந்த மூலப் பட்டைகளை நாசா பொதுவில் வைக்கிறது. ஆர்வலர்கள் அவற்றை இணைத்து, மேகச் சுழிகள் தெரிவதற்காக நிறத்தைக் கூட்டுகிறார்கள். நிறம் கூடியிருந்தாலும், அந்தச் சுழி அன்றைக்கு வியாழனில் அதே இடத்தில் இருந்தது. ஏஐ படத்திலோ வியாழனின் ஒளி எந்தக் கேமராவிலும் விழவில்லை; பழைய படங்களிலிருந்து கற்ற சாயலைக் கொண்டு, இப்படி இருக்கக்கூடும் என்று ஒன்றை அது வரைந்து தருகிறது.

உண்மைப் படமும் தவறாகப் போகலாம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. வாயேஜர் 2 விண்கலம் 1989இல் எடுத்த நெப்டியூன் படங்களை, மேகங்கள் தெரியட்டும் என்று அடர்நீலமாக்கி, அதைச் சொல்லியே வெளியிட்டார்கள். கைமாறிக் கைமாறி விளக்கம் உதிர்ந்துபோய், அடர்நீலம் மட்டும் பாடப்புத்தகங்களில் தங்கிவிட்டது. 2024இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் குழு பழைய தரவுகளை மீண்டும் அளந்து, நெப்டியூனும் யுரேனஸைப் போல வெளிறிய பச்சை கலந்த நீலம்தான் என்று காட்டியது. மூலம் பாதுகாக்கப்பட்டிருந்ததால்தான் முப்பது ஆண்டுகளுக்கு மேலான பிழையைத் திருத்த முடிந்தது. ஏஐ படத்தில் பிழை என்றால் எதை எடுத்து ஒப்பிட்டுத் திருத்துவது? உங்கள் ஆல்பத்தின் நெகட்டிவோ மூலக் கோப்போ உங்களிடம் இருக்கிறது, மணமக்களும் இருக்கிறார்கள்.

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி: நிலவில் சந்திரயான் 3, பின்னால் நட்சத்திரங்கள், தரையில் அசோகச் சின்னத்தின் தடம். இது உண்மையா?

இல்லை. வெயில் விழும் நிலவுத் தரைக்கேற்பக் கேமராவை அமைத்தால் நட்சத்திரங்கள் பதிவாகா. சந்திரயான் 3இன் பிரக்யான் ஊர்தி 2023 ஆகஸ்ட் 30 அன்று எடுத்த, விக்ரம் தரையிறங்கு கலத்தின் உண்மைப் படம் கறுப்பு வெள்ளையில் எளிமையாக இருக்கும். தெளிவான சின்னத் தடத்தோடு அப்போது பரவியது ஓர் ஓவியரின் கற்பனை.

தேவிபட்டினத்திலிருந்து ஓர் ஆசிரியர்: தனுஷ்கோடிக் கடலுக்கு மேல் சனி வளையத்துடன் பெரிதாக நிற்கும் படத்தை, 'இன்றிரவு தெரியும்' என்ற குறிப்போடு மாணவர்கள் கொண்டுவந்தார்கள். போலியைக் கண்டுபிடிக்க என்ன அடையாளங்களைக் கற்றுக்கொடுக்கலாம்?

கடலுக்குள் நவக்கிரகங்களுக்குக் கல் நட்டு வணங்கும் ஊரிலிருந்து இக்கேள்வி வந்ததில் மகிழ்ச்சி. நிழல்கள் வெவ்வேறு திசையில் விழுவது, கலத்தின் மேல் எழுத்துகள் சிதைந்திருப்பது ஆகியவற்றைச் சொல்லலாம். ஆனால் ஏஐ விரைவில் இவற்றைச் சரிசெய்துகொள்ளும். மேலும், கண்ணுக்குப் பொய்யாகத் தோன்றும் சில படங்கள் உண்மையானவை. சனியின் வடதுருவத்தில் அறுகோண மேகச் சுழல் இருக்கிறது. செவ்வாயில் நீல நிற அந்தியை கியூரியாசிட்டி ஊர்தி 2015இல் வண்ணத்தில் எடுத்தது. ஆகவே, எந்தக் கருவி எடுத்தது, எந்த நாளில், மூலப்படம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கப் பழக்குங்கள்.

அந்தச் சனிப் படத்துக்குக் கணக்கே போதும். பூமியிலிருந்து பார்க்கையில் சனியின் வளையம் முழு நிலவின் விட்டத்தில் சுமார் நாற்பதில் ஒரு பங்குதான். வெறுங்கண்ணுக்கு அது ஒரு புள்ளி. 2025 மார்ச்சில் வளையம் விளிம்பாகத் திரும்பிக் கோடுபோல மெலிந்தது. 2032 வாக்கில்தான் நன்கு விரியும். பள்ளியில் சிறு தொலைநோக்கி இருந்தால், சனி தெரியும் மாதத்தில் மொட்டைமாடியில் வைத்து, கண்ணருகு வில்லையில் கைபேசியைப் பிடித்து மாணவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். கலங்கலான மஞ்சள் பொட்டு ஒன்று கிடைக்கும். அதன் கீழே நாள், நேரம், தொலைநோக்கியின் விட்டம், எடுத்த மாணவரின் பெயர் ஆகியவற்றை எழுதி, கைபேசியில் வந்த படத்தின் பக்கத்திலேயே வகுப்பில் ஒட்டிவையுங்கள்.