மூணு சிடி ஆச்சு, நாலாவது எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 41 வயசு. கிட்னி கல் பிரச்சனைக்காக ரெண்டு வருஷத்துல மூணு தடவை வயித்துக்கு சிடி ஸ்கேன் எடுத்தாச்சு. இப்ப திரும்ப வலி, டாக்டர் இன்னொரு சிடி எழுதியிருக்கார். இவ்வளவு ரேடியேஷன் சேர்ந்து கேன்சர் வந்துடுமோன்னு பயமா இருக்கு.

பதில்: முதல்ல அளவைப் பாத்துடுவோம். சாதாரணமா வயித்துக்கு எடுக்கற ஒரு சிடி சுமாரா 8லேர்ந்து 10 மில்லிசீவெர்ட் (உடம்பு வாங்கற ரேடியேஷனை அளக்கற அலகு) வரும். ஸ்கேன் பக்கமே போகாதவங்களுக்கும் மண்ணு, காத்து, வானம்னு இயற்கையிலேர்ந்தே வருஷத்துக்கு உலக சராசரியா 2.4 மில்லிசீவெர்ட் வந்துட்டுதான் இருக்கு, அப்படின்னா ஒரு சிடிங்கறது மூணு நாலு வருஷ இயற்கை ரேடியேஷனை ஒரே நாள்ல வாங்கற மாதிரி. சும்மா ஒண்ணும் இல்லைன்னு தள்ளிவிடவும் முடியாது, அதே சமயம் ராத்திரி தூக்கம் கெடற அளவும் இல்லை.

ரிஸ்க் எவ்வளவுன்னா, 10 மில்லிசீவெர்ட் சிடியால 2000 பேர்ல ஒருத்தருக்கு உயிர் போற அளவு கேன்சர் கூடுதலா வரலாம்னு அமெரிக்காவோட மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒரு கணக்கு சொல்லுது. ஆனா அந்த ஊர்ல எந்த ஸ்கேனும் இல்லாமலே அஞ்சுல ஒருத்தர், அதாவது அதே 2000 பேர்ல 400 பேர், கேன்சர்ல இறக்கறாங்க. 400 இருந்த இடத்துல 401. உங்க மூணு ஸ்கேனுக்கும் சேர்த்தா 403னு வச்சுக்கங்க. இதுவும் ஹிரோஷிமா, நாகசாகில பெரிய டோஸ் வாங்கினவங்களை வச்சு, சின்ன டோஸுக்கும் அதே விகிதத்துல ரிஸ்க் இருக்கும்னு வச்சுக்கிட்டுப் போட்ட மதிப்பீடுதான். குழந்தைகளுக்குன்னா ரிஸ்க் கூட, அங்க நான் இன்னும் கறாரா இருப்பேன்.

ஏற்கனவே மூணு எடுத்துட்டோமேங்கறது நாலாவதை வேணாம்னு சொல்ல காரணமே இல்லை. போனது போனதுதான், நாலாவதோட ரிஸ்க் அதனால பெருசாகாது. கேக்க வேண்டியது ஒண்ணுதான்: "இந்த ஸ்கேன்ல என்ன தெரிஞ்சா என் ட்ரீட்மென்ட் மாறும் டாக்டர்?" இதுக்கு தெளிவா பதில் வந்தா எடுத்துடுங்க. கல் நகர்ந்திருக்கான்னு சும்மா பாக்கத்தான்னா, அல்ட்ராசவுண்ட் போதுமான்னு கேளுங்க, அதுல ரேடியேஷனே கிடையாது, கிட்னி வீங்கியிருக்கான்னு நல்லா காட்டிடும், ஆனா யூரேட்டர்ல (கிட்னிலேர்ந்து மூத்திரப் பைக்குப் போற குழாய்) மாட்டின சின்னக் கல்லை சில சமயம் கோட்டை விட்டுடும்.

சிடிதான் வேணும்னா லோ டோஸ்ல எடுக்க முடியுமான்னு கேளுங்க, இது நிறைய பேருக்கு தெரியறதில்லை. கல் பளிச்சுனு வெள்ளையா தெரியற பொருள், படம் கொஞ்சம் புள்ளி புள்ளியா வந்தாலும் மாட்டிக்கும், அதனால 3, 4 மில்லிசீவெர்ட்டுக்குள்ளயே முடிச்சுடலாம். ரொம்ப குண்டான உடம்புன்னா மட்டும் படம் சரியா வராது. கல் இருக்கான்னு பாக்க மட்டும்னா கான்ட்ராஸ்ட் ஊசியும் (உறுப்பு, ரத்தக்குழாய் படத்துல தெளிவா தெரியப் போடற மருந்து) பொதுவா தேவைப்படாது, ஊசிக்கு முன்னாடி ஒருக்கா, அப்புறம் ஒருக்கான்னு எடுத்தா டோஸ் கிட்டத்தட்ட டபுள் ஆகும்.

எம்ஆர்ஐ எடுத்துக்கலாமேன்னு கேப்பீங்க. ரேடியேஷன் இல்லைதான், ஆனா அதுல கல் சரியா தெரியாது.

பழைய மூணு ஸ்கேனோட படங்களையும் ரிப்போர்ட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க, ஒப்பிட்டுப் பாத்தாலே சில நேரம் புதுசு தேவைப்படாது. கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருந்தா முதல்லயே சொல்லிடுங்க. வலியோட காய்ச்சல், குளிர் நடுக்கம் இருந்தாலோ, யூரின் நின்னு போனாலோ இந்த கணக்கெல்லாம் பாக்காம உடனே எமர்ஜென்சிக்குப் போங்க.