அங்கி தைத்தவர் பதில்கள்

(கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கி தைத்துத் தைத்தே தலை நரைத்த தையற்காரர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் ஊர் அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு ஆயர் (பிஷப்), ஒரு மொன்சிஞ்ஞோர், பங்குச் சாமியார் மூவரும் வருகிறார்கள். அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் என்ன போடுவது? பெரியவர்கள் ‘மேற்றிராணியார்’ என்று போடச் சொல்கிறார்கள்.
— வாசகர், திண்டுக்கல்

ஆயரை மேற்றிராணியார் என்பது என் அப்பா காலத்து வார்த்தை. கேட்க அழகுதான், இளவட்டங்களுக்குப் புரியாது. ‘மேதகு ஆயர்’ என்றே போடுங்கள். பங்குச் சாமியாருக்கு ‘அருட்தந்தை’ அல்லது ‘அருட்பணி’. மொன்சிஞ்ஞோர் என்பது பதவியல்ல, போப்பாண்டவர் தரும் கௌரவப் பட்டம், தமிழில் ‘பேரருட்தந்தை’. மறைமாவட்டக் குருக்களில் 65 வயதானவர்களுக்குத்தான் இனி அந்தப் பட்டம் என்று 2014-இல் போப் பிரான்சிஸ் சொல்லிவிட்டார். அதனால் மேடையில் கை வைத்த நாற்காலியாகப் பார்த்துப் போடுங்கள்!

அப்புறம், ‘பேராயர்’ என்று அடித்துவிடப் போகிறார்கள். கத்தோலிக்கரிடம் அவர் ஆயருக்கும் மேலே. சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபையில் ஆயரையே பேராயர் என்பார்கள். அச்சகத்தில் பழைய நோட்டீஸைப் பார்த்து அடிப்பது வழக்கம். புரூப் பாருங்கள்.

கேள்வி: போப்பும் வெள்ளை அங்கி, எங்கள் சாமியாரும் வெள்ளை அங்கி. என்ன வித்தியாசம்? அங்கிக்கு 33 பட்டன் கட்டாயமா?
— வாசகி, வேளாங்கண்ணி

குருக்களின் அங்கிக்கு உரிய நிறம் கறுப்பு. நம்மூர் வெயிலில் அதைப் போட்டால் பூசைக்கு முன்பே மயக்கம் வரும். அதனால் வெப்ப நாடுகளில் வெள்ளைக்கு அனுமதி உண்டு. ஆள் யாரென்று விளிம்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆயருக்கு ஊதா கலந்த சிவப்பில் பைப்பிங், போப்பைத் தேர்ந்தெடுக்கும் கர்தினாலுக்கு நல்ல சிவப்பு. விசுவாசத்துக்காக ரத்தம் சிந்தவும் தயார் என்று அதற்கு அர்த்தம்.

இதில் நானே மாட்டியிருக்கிறேன். டியூப் லைட் வெளிச்சத்தில் நூல் வாங்கி, ஓர் ஆயரின் அங்கிக்கு விளிம்பு வைத்துவிட்டேன். காலையில் வாசலில் பிரித்துப் பார்த்தால் கர்தினாலின் ரத்தச் சிவப்பு! “ரோமிலிருந்து எனக்கு இன்னும் கடிதம் வரலையேப்பா” என்று சிரித்தார். ராத்திரி முழுக்கப் பிரித்துத் தைத்தேன்.

பட்டன் 33 என்பது இயேசுவின் வயதை வைத்துச் சொல்வது. கட்டாயம் எதுவும் கிடையாது. குள்ளமான சாமியாருக்கு 28 வைத்தாலே நெருக்கமாகிவிடும். 33 காஜா எடுக்கும் பையனைக் கேளுங்கள், பக்தியே போய்விடும். இப்போது பலரும் உள்ளே ஜிப் வைக்கச் சொல்கிறார்கள்.

கேள்வி: ஆயர் தலையில் இருக்கும் சின்ன வட்டத் தொப்பி எப்படி நிற்கிறது?
— வாசகர், பாளையங்கோட்டை

எட்டு முக்கோணத் துண்டுகளைக் கிண்ணம் போல இணைத்துத் தைப்பது அது. தலை அளவு சரியாக இருந்தால் தானே நிற்கும். வழுக்கைத் தலை என்றால் கொஞ்சம் சிரமம். உச்சியில் ஒரு குட்டி வால் இருக்கிறதே, அது பிடித்துக் கழற்றுவதற்கு. பூசையில் அப்பத்தையும் ரசத்தையும் அர்ச்சிக்கும் முன்பே கழற்றிவிடுவார். நன்மை (அர்ச்சித்த அப்பம்) கொடுத்து முடித்த பிறகுதான் மறுபடி வைப்பார்.