தமிழைக் குறைத்தால் ஆங்கிலம் ஏறாது

அன்புள்ள ஐயா,

என் மகன் தொடக்கநிலை 5. ஆங்கிலத்தில் பிழை திருத்தும் பகுதி வந்தாலே மதிப்பெண் போய்விடுகிறது. பாரோ – லெண்ட், ரைஸ் – ரெய்ஸ், லை – லே, சே – டெல், மேக் – டூ, அஃபெக்ட் – எஃபெக்ட் என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறான். "வீட்டில் தமிழ் பேசுவதைக் குறையுங்கள், அதுதான் குழப்புகிறது" என்கிறார் துணைப்பாட ஆசிரியர். இப்படிக் குழப்பும் வினைச்சொற்களுக்கு ஒரு பட்டியல் தர முடியுமா? தமிழைக் குறைக்கத்தான் வேண்டுமா?

ச., ஈசூன்

அன்புள்ள சகோதரி,

பட்டியல் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. எந்த அசஸ்மென்ட் புத்தகத்தைப் புரட்டினாலும் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கும், உங்கள் வீட்டிலேயே இரண்டு கிடக்கும். உங்கள் கடைசிக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்ச நாளாகவே அது மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

தமிழைக் குறைப்பதாம்! 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்கே 5 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. இதிலும் எதைக் குறைக்கச் சொல்கிறார் அந்த ஆசிரியர்? நீங்களும் அதைக் கேட்டுக்கொண்டு வந்து என்னிடம் யோசனை கேட்கிறீர்கள்.

முதலில் பாரோ – லெண்ட். "கேன் யூ பாரோ மீ யுவர் ரூலர்?" என்று உங்கள் மகன் கேட்கிறான் என்றால் அதைத் தமிழிலிருந்து எடுக்கவில்லை. இரவல் வாங்குவது வேறு, இரவல் கொடுப்பது வேறு என்று தமிழில் திசை தெளிவாகவே இருக்கிறது. பேச்சு மலாயில் பின்ஜாம் என்ற ஒரே சொல் இரண்டு பக்கமும் போகும். மாண்டரினில் ஜியெ என்பதும் அப்படியே. வகுப்பில் பக்கத்து மேசைப் பிள்ளைகள் அந்த மொழிகளின் வழக்கத்தில் பேசுகிறார்கள், தம்பியும் சேர்ந்துகொள்கிறான். "ஐ வில் செண்ட் யூ ஹோம்" என்று இங்கே எல்லாரும் சொல்வதும் இதே கதைதான். மலாயில் ஹந்தார் என்றால் பொருளை அனுப்புவதும் ஆகும், ஆளைக் கொண்டுபோய் விடுவதும் ஆகும். தமிழில் மாமியாரை யாரும் விமான நிலையத்துக்கு 'அனுப்பி'விட்டு அவரோடு காரில் போவதில்லை, கொண்டுபோய்த்தான் விடுகிறோம். அந்த இடத்தில் ஆங்கிலத்துக்கு டேக் வேண்டும்.

இப்போது லை – லே, ரைஸ் – ரெய்ஸ். இதைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

'விலை உயர்ந்தது', 'விலையை உயர்த்தினார்கள்'. இந்த இரண்டையும் உங்கள் மகன் மாற்றிச் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? தன்வினை, பிறவினை என்ற பெயர்கள் தெரியாமலே சரியாகச் சொல்வான். தானே நடப்பது ரைஸ், ஒன்றை நடத்திவைப்பது ரெய்ஸ். அதேபோல லை என்பது கிட, லே என்பது கிடத்து. சிட் என்பது இரு, செட் என்பது இருத்து. ஃபால் என்பது விழு, மரத்தை வெட்டிச் சாய்க்கும் ஃபெல் என்பது வீழ்த்து. ஆங்கிலத்தில் இவை தற்செயலாக ஒன்றுபோல் ஒலிக்கும் சொற்கள் அல்ல. ஆங்கிலம் தனி மொழியாவதற்கு முன்பே ஒரே வேரிலிருந்து தன்வினையும் பிறவினையுமாகப் பிரிந்த இணைகள். இந்த உறவைத் துணைப்பாட வகுப்பில் யாரும் சொல்வதில்லை. 'கன்ஃப்யூசிங் வெர்ப்ஸ்' என்று தலைப்புப் போட்டுப் பிள்ளையைப் பயமுறுத்துவதோடு சரி.

இறந்தகாலத்தைப் பாருங்கள். உயர்ந்தது, கிடந்தது, இருந்தது, விழுந்தது: தன்வினை நான்கிலும் 'ந்த்'. உயர்த்தினான், கிடத்தினான், இருத்தினான், வீழ்த்தினான்: பிறவினை நான்கிலும் 'இன்'. ஆங்கிலத்திலும் இப்படி ஒரு பிரிவினை உண்டு. தன்வினைகள் உள்ளே உயிரொலியை மாற்றிக்கொள்ளும்: ரோஸ், லே, சாட், ஃபெல். பிறவினைகள் ஒழுங்காகக் கடைசியில் 'ட்' வாங்கிக்கொள்ளும்: ரெய்ஸ்ட், லெய்ட், ஃபெல்ட். செட் மட்டும் ஏற்கெனவே அப்படி முடிவதால் மாறாமல் நிற்கும். இரண்டு மொழிக்கும் உறவில்லை, ஆனாலும் தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இது பிடிபடும். 'ரைஸ்ட்' என்று எழுதும் பிள்ளை, தன்வினைக்குப் பிறவினையின் வாலை ஒட்டுகிறது.

இவ்வளவு இருந்தும் லை – லே ஏன் சறுக்குகிறது? லை என்பதன் இறந்தகாலம் லே. அதுவே கிடத்து என்ற வினையின் நிகழ்காலமாகவும் நிற்கிறது. ஃபால் – ஃபெல் இணையிலும் இதே பொறி இருக்கிறது, ஆனால் தேர்வில் மரம் வெட்டச் சொல்வது குறைவு. ஆகவே வரிசையாகச் சொல்லிப் பழகட்டும்: கிட என்றால் லை, லே, லெய்ன், கிடத்து என்றால் லே, லெய்ட், லெய்ட். பொய் சொல்லும் லை வேறு குடும்பம், அது லைட், லைட் என்று போகும்.

தேர்வில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வினைக்கு முன் 'எதை?' என்று கேட்கச் சொல்லுங்கள். 'தி பேக் வாஸ் லேயிங் ஆன் தி ஃப்ளோர்' என்று எழுதியிருக்கிறானா? பை எதைக் கிடத்திக்கொண்டிருந்தது? பதில் இல்லை, எனவே லையிங். கோழி எதை இட்டது? முட்டையை, எனவே லெய்ட். தமிழில் 'முட்டை இட்டது' என்று 'ஐ' உருபு மறைந்து வருவதால், அந்த உருபை வாய்விட்டுச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். செயப்பாட்டு வினையில்தான் நிறைய பிள்ளைகள் விழுகிறார்கள். விலை 'உயரப்பட்டது' என்று யாரும் சொல்ல மாட்டார்கள், உயர்த்தப்பட்டது என்றே சொல்வார்கள். அதனால் 'வாஸ் ரிசன்' என்பது தவறு, 'வாஸ் ரெய்ஸ்ட்' என்றுதான் வரும்.

எல்லா வினைக்கும் இது பொருந்தும் என்று கிளம்பிவிடாதீர்கள். மாறு – மாற்று, உடைந்தது – உடைத்தான் என்று தமிழ் பிரிக்கும் இடத்தில் சேஞ்ச், பிரேக் இரண்டும் ஒரே சொல்லாக நின்றுவிடும்.

தமிழ் இடறிவிடும் இடமும் உண்டு, மறைக்கவில்லை. சொல் என்ற ஒரே வினை சே, டெல் இரண்டையும் விழுங்கிவிடுகிறது. 'ஷி செட் மீ' என்பது 'என்கிட்ட சொன்னாங்க' என்பதன் நேர் நகல். டெல்லுக்குப் பின்னால் ஆள் உடனே வந்தாக வேண்டும்: டோல்ட் மீ. சேக்கு ஆள் வேண்டாம், வந்தால் நடுவே டு வேண்டும்: செட் டு மீ. கதை, பொய், உண்மை போன்ற சிலவற்றுக்கு ஆள் இல்லாமலும் டெல் வரும். நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் கேள்வியில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். கேள் என்பதும் அப்படித்தான். ஹியர், லிசன், ஆஸ்க் மூன்றையும் அது ஒன்றே சுமக்கிறது. காதில் தானாக விழுந்தால் ஹியர், காது கொடுத்தால் லிசன், அதன் பின்னால் டு மறக்கக்கூடாது.

மேக் – டூவுக்கு விதி தேடாதீர்கள். மேக் எ மிஸ்டேக், டூ ஹோம்வொர்க் என்று தொடராகவே மனத்தில் ஏற வேண்டியவை. அஃபெக்ட் பெரும்பாலும் வினை, எஃபெக்ட் பெரும்பாலும் பெயர். அதற்கு மேல் அகராதியைப் பார்க்கச் சொல்லுங்கள், தொடக்கநிலை 5 பிள்ளைக்கு அகராதி புரட்டத் தெரிய வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் அவன் தமிழ் பேசட்டும். அவன் பேச்சில் வரும் ஒரு வினையைப் பிடித்து, இதற்குப் பிறவினை என்ன, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் என்ன என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் எழுந்து ஓடிவிடுவான். அடுத்த முறை அந்தத் துணைப்பாட ஆசிரியர் வரும்போது, லெய்ன் என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். சரியாகச் சொன்னால் வகுப்பு தொடரட்டும், மொழி பற்றிய யோசனையை மட்டும் அவரே வைத்துக்கொள்ளட்டும்.