நாமே செய்துகொள்ளக்கூடிய கல்யாண வேலைக்கு ஏற்பாட்டாளர் எதற்கு? சின்ன நிறுவனங்களில் இருப்பவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

உங்கள் வீட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. ஒரு சின்ன நிறுவனத்திடம் விலைப்பட்டியல் வாங்கியிருக்கிறீர்கள். அதன் கடைசி வரியில் ‘ஏற்பாட்டுக் கட்டணம்’ என்று ஒரு தொகையைப் பார்த்ததும் இந்தக் கேள்வி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் கடைசி வரியில்தான் எங்கள் பிழைப்பு இருக்கிறது. அதனால் பதில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

தொழில் செய்கிறவள் தன் தொழிலுக்குத்தான் வக்காலத்து வாங்குவாள் என்று கீழே யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள். உள்ளே இருந்து பார்த்ததைத்தான் என்னால் சொல்ல முடியும்.

நாங்கள் நான்கு பேர். குடும்பத்தாரிடம் பேசுவது நான். அலங்காரம், போட்டோ, வண்டி என்று வெளியாட்களைக் கவனிப்பது என் தோழி. கணக்குக்கு ஒரு அக்கா. மேடை, மின்சாரம், சாமான் ஏற்றி இறக்குவது எல்லாம் ஓர் அண்ணன் பொறுப்பு. அவர் பல வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு எங்களிடம் வந்தவர். மற்றவர்கள் அந்தந்த நாளுக்குக் கூலிக்கு வருபவர்கள். விசேஷம் முடிந்த இரவே அவர்களுக்குப் பணம் போய்விட வேண்டும் என்பதில் அக்கா கறாராக இருப்பார். குடும்பம் எங்களுக்குப் பாக்கி வைத்திருந்தாலும் சரி, அது அவர்களைப் பாதிக்கக் கூடாது.

ஒரு கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிறேன். மாலை வரவேற்பு, பெரிய மண்டபம். “எங்களிடமே ஜெனரேட்டர் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்” என்று மண்டபத்தில் சொல்லிவிட்டார்கள். முந்தின நாள் அண்ணன் போய்ப் பார்த்தார். 62.5 கேவிஏ இயந்திரம் (ஜெனரேட்டரின் திறனை இந்த அளவில்தான் சொல்வார்கள்). பவர் ஃபேக்டர், அதாவது அந்தத் திறனில் உண்மையில் வேலைக்கு உதவும் பங்கு, 0.8 என்று வைத்தால் அதிலிருந்து கிடைப்பது 50 கிலோவாட்தான். ஏசி, மேடை விளக்குகள், ஒலிபெருக்கி, சமையலறை என்று அவர் ஒரு தாளில் கூட்டிப் பார்த்தபோது 60-ஐத் தாண்டிவிட்டது. அது மட்டுமில்லை, ஏசி கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் சாதாரணமாக ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். எல்லாம் ஒன்றாகக் கிளம்பினால் இயந்திரம் ட்ரிப் ஆகி நின்றுவிடும். அதனால் ஏசிக்கு மட்டும் தனியாக ஒரு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்கலாம் என்றார்.

பெண்ணின் மாமா சண்டைக்கே வந்துவிட்டார். மண்டபக்காரர்களே போதும் என்று சொல்லும்போது நாங்கள் பில்லை ஏற்றுகிறோம் என்றார். அண்ணன் கோபப்படவில்லை. கணக்குப் போட்ட தாளை அவரிடம் கொடுத்து, “நீங்களே கூட்டிப் பாருங்கள் சார்” என்றார். பெண்ணின் அப்பா சம்மதித்ததால் இரண்டாவது இயந்திரம் வந்தது.

மறுநாள் வரவேற்பு நடுவில் கரண்ட் போனது. சில நொடிகள் இருட்டு, அப்புறம் ஜெனரேட்டர்களில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. பாட்டுக்கூட விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இரவு கணக்கு முடிக்கும்போது மாமா கேட்டார்: “ஒன்றுமே ஆகவில்லையே, எதற்கு இந்தச் செலவு?” மெயின் கரண்ட் திரும்பி வரும்வரை அண்ணன் அந்த இரண்டு இயந்திரங்களுக்கு நடுவில்தான் நின்றிருந்தார், சாப்பிடக்கூட வரவில்லை. அந்தக் கேள்வி இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்திருக்கக் கூடாது, பரிமாறும் வரை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. போட்டோ எடுப்பது நீண்டுகொண்டே போகும்போது சமையலறைக்கு ஓடி, “அடுத்த தவணைச் சாப்பாட்டை இப்போது இறக்காதீர்கள்” என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். உங்கள் சித்தப்பாவாலும் அது முடியும். ஆனால் அவர் அந்த நேரத்தில் மேடையில் நிற்க வேண்டியவர்.

எங்கள் துறையில் எல்லோரும் யோக்கியர்கள் என்று நான் சொல்லவில்லை. பூக்காரர், போட்டோக்காரர் எல்லோரிடமும் கமிஷன் வாங்கிக்கொண்டு, அந்தத் தொகையை உங்கள் பில்லிலேயே ஏற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியாட்களிடம் கமிஷன் வாங்குகிறீர்களா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தேதி தள்ளிப்போனால் முன்பணம் என்னாகும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 2020 மார்ச்சில் பெருந்தொற்று அறிவிப்பு வந்தபோது இது எவ்வளவு முக்கியம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. நாங்கள் வாங்கிய பணத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே மண்டபத்துக்கும் அலங்காரக்காரருக்கும் போயிருந்தது. அக்கா ஒவ்வொரு குடும்பத்தையும் அழைத்து, யாரிடம் எவ்வளவு பணம் நிற்கிறது என்று வரிவரியாகச் சொன்னார். கூடுதல் கட்டணம் இல்லாமல் தேதியை மாற்றிக்கொடுத்தோம். பெரும்பாலானோர் எங்களோடுதான் இருந்தார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் தொழிலைத் தூக்கி நிறுத்தக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனோம். மாதாமாதம் ஒரே அளவு வருமானம் இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சீசனில் மொத்தமாக வந்து மற்ற மாதங்களில் வற்றுகிற தொழில் இது. முழு வருடக் கணக்கையும் அக்கா மேசையில் வைத்தார், ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை. “கல்யாணம் நடத்துவதெல்லாம் ஒரு தொழிலா?” என்று அங்கே ஒருவர் கேட்டார். ஊரெல்லாம் கல்யாணத்துக்குக் கடன் கொடுக்கிறார்கள், கல்யாண வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விருந்தினர் குறைவு, ஓடியாட வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்றால் நீங்களே செய்யலாம், தாராளமாகச் செய்யுங்கள். ஆள் வைப்பதாக முடிவு செய்தால், உங்களிடம் இனிக்க இனிக்கப் பேசுகிறவரை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். விசேஷத்தன்று மண்டபத்தில் கடைசிவரை நிற்கப்போவது யார் என்று கேட்டு, அவரை நேரில் வரச் சொல்லுங்கள். உங்கள் மண்டபத்தை அவரோடு ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஜெனரேட்டர் அறையைத் திறந்து காட்டச் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.