ஞாயிற்றுக்கிழமை மட்டும் கை ஏன் நடுங்குகிறது?

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் எங்கள் மன்றத்தில் ஒன்பது பேர் கேரம் ஆடுகிறோம். வார நாளில் யாரோடு ஆடினாலும் ஜெயிப்பேன். ஞாயிறு மேட்ச்சில் செட்டு மொத்தமும் சுற்றி நிற்கும்போது ரெட் காயினைப் போட்டுவிட்டு, அடுத்துப் போட வேண்டிய ஃபாலோவை விடுகிறேன். போர்டில் பள்ளம் விழுந்துவிட்டது, மாற்றலாம் என்றேன்; யாரும் காதில் வாங்கவில்லை. பத்து நாள் கழித்து எங்கள் செட்டுக்குத் தலைவரான அண்ணன் அதையே சொன்னார், அன்றைக்கே வசூல். எனக்கு என்ன மரியாதை?

எஸ்., வியாசர்பாடி

தம்பி எஸ்.,

கையில் கோளாறு இல்லை. 1930களின் பிற்பாதியில் பாஸ்டனின் இத்தாலியர் பேட்டையில் தெருமுனைப் பையன்களோடு பழகிய சமூகவியலாளர் வில்லியம் ஃபுட் ஒயிட் இதையே பார்த்தார். அங்கே பௌலிங். வார நாளில் பிரமாதமாக உருட்டும் கடைசி வரிசை ஆள், எல்லோரும் கூடும் சனிக்கிழமை ஆட்டத்தில் சறுக்குவான். மேலே இருப்பவனுக்கு உற்சாகக் குரல், கீழே இருப்பவன் முந்தினால் கலாய்ப்பு. நீங்கள் ஃபாலோ அடிக்கும்போது யார் சவுண்டு விடுகிறார், யார் அடிக்கும்போது எல்லோரும் வாயை மூடுகிறார்கள் என்று இரண்டு ஞாயிறு கவனியுங்கள். வரிசை புரிந்துவிடும்.

டீக்காசையும் பாருங்கள். கீழே இருப்பவர்களுக்குத் தலைவன் நிறையச் செலவு செய்வான். அவர்களிடம் கடன் மட்டும் வாங்க மாட்டான். ஒயிட் கண்ட கணக்குதான், இங்கேயும் பொருந்தும்.

யோசனை ஜெயித்தால் போதுமா? அண்ணனுக்குப் பக்கத்தில் உட்காருபவரிடம் தனியாகச் சொல்லுங்கள், போய்ச் சேரும். பெயர் அண்ணனுக்குப் போகும்.

உங்கள் பெயரிலேயே ஜெயிக்க வேண்டுமென்றால், பேசுவதற்கு முன்பே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் ஒரு சோதனையில் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார். முன்பே பேசிவைத்த கூட்டம் ஒரே குரலில் தவறான விடை சொன்னபோது, தனி ஆட்களின் விடைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதோடு போனது. அழுத்தம் கொடுக்க மூன்று பேரே போதுமாக இருந்தது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னால் அந்தப் பங்கு 5 சதவீதத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. அந்தத் துணை பாதியில் கட்சி மாறியதும் மறுபடி ஏறியது. ஆகவே அண்ணனிடம் கைமாத்து வாங்கியிருப்பவரை நம்பாதீர்கள்.

விடையை எழுதிக்கொடுக்கச் சொன்னபோதும் கூட்டத்தோடு போவது குறைந்தது. சீட்டு எழுதினால் உங்களுக்குள் கையெழுத்து தெரிந்துவிடும். ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு வெள்ளை, ஒரு கருப்பு. சரியாகக் காயின் இருக்கிறது. வெள்ளை என்றால் சரி, கருப்பு என்றால் வேண்டாம். கையை மூடிக்கொண்டு ஓட்டுக் காயினைப் பவுடர் டப்பாவிலும், மற்றதைக் காயின் பையிலும் போடுங்கள். பையை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. ரெட் போர்டிலேயே கிடக்கட்டும்.